மேகம் மூடினால் சூரியசக்தி மின்சாரம் என்னாகும்?

வீவக கூரைகளில் சூரியசக்தித் தகடுகளைப் பார்த்திருப்பீங்க. தெங்கே நீர்த்தேக்கத்தில் அவை தண்ணீர்மேலேயே மிதக்கின்றன. வெயிலுக்கா பஞ்சம், இன்னும் நிறையப் பொருத்தலாமே என்று தோன்றுகிறதா?

இடப் பற்றாக்குறை ஒரு பக்கம். இன்னொரு தலைவலி, மேகம்.

நாம் பயன்படுத்தும் மின்சாரமும் உற்பத்தியாகும் மின்சாரமும் நொடிக்கு நொடி சமமாக இருக்கணும். இல்லாவிட்டால் மின்கட்டமைப்பின் 50 ஹெர்ட்ஸ் அலைவெண் தடுமாறும். ரொம்பத் தடுமாறினால் மின்தடைதான். பெரிய நாட்டில் ஓரிடத்தில் மேகம் மூடினாலும் இன்னோரிடத்தில் வெயில் அடிக்கும். நம்ம ஊர் சின்னது. ஒரே மழைமேகம் தீவின் பெரும்பகுதியை மூடிவிடலாம்.

எரிவாயு நிலையங்கள் உற்பத்தியைக் கூட்டலாம். ஆனால் அதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் கைகொடுப்பவை பேட்டரிகள். ஜூரோங் தீவுச் சேமிப்பு நிலையம் 2023இல் திறக்கப்பட்டபோது அதன் கொள்ளளவு 285 மெகாவாட்-மணி. சுமார் 24,000 நாலறை வீடுகளின் ஒருநாள் தேவை அது. கேட்கப் பெரிசுதான்! நாடு முழுவதற்கும் பகிர்ந்தால் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும்.

அதனால்தான் மேகத்தை முன்கூட்டியே கணிக்கும் முயற்சி. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் எரிசக்திச் சந்தை ஆணையம் அதில் இறங்கியது. ஒரு மணிநேரத்துக்கு முன்னரே தெரிந்தால் எரிவாயு நிலையங்களைத் தயார்ப்படுத்திவிடலாம்.

சிக்கல் என்னவென்றால், நம்ம ஊர் மேகம் எப்போதும் எங்கிருந்தோ மிதந்து வருவதில்லை. பல நேரம் தலைக்கு மேலேயே திரண்டுவிடும். குடை எடுக்காமல் கிளம்பிய எல்லாருக்கும் அது தெரியும்.