பாஸ்போர்ட் பிரிட்டிஷ், ஆனா பிரிட்டன்ல இடமில்ல

1962லயே குடியேற்றக் கட்டுப்பாடு வந்தாச்சு. ஆனாலும், பேரளவுல பிரிட்டன்காரருக்கும் ஹாங்காங்கில் பிறந்தவருக்கும் ஒரே குடியுரிமைதான். 1981ஆம் ஆண்டுச் சட்டம் அதையும் பிரிச்சுது. 1983 ஜனவரி 1 முதல் ஹாங்காங்காரர் வெறும் 'சார்ந்த பகுதிக் குடிமக்கள்'. பிரிட்டன்ல வாழும் உரிமை கிடையாது.

ஜிப்ரால்டர் மக்களுக்கு, பதிவு செஞ்சா முழுக் குடியுரிமை. ஃபாக்லாந்து மக்களுக்கு, 1982 போருக்குப் பிறகு தனிச் சட்டமே வந்துச்சு. ஹாங்காங்ல மக்கள்தொகை 50 லட்சத்துக்கும் மேல. அத்தனை பேருக்கும் கதவைத் திறக்க லண்டன் தயாரா இல்ல.

1997ல ஊரைச் சீனாகிட்ட ஒப்படைக்க 1984ல ஒப்பந்தம் ஆனதும், கவலை பயமா மாறுச்சு. நாளைக்கு நிலைமை கெட்டா எங்க போறது? 1990ல 50,000 குடும்பங்களுக்கு மட்டும் குடியுரிமைன்னு சட்டம் வந்துச்சு. மத்தவங்கள்ல பலருக்கு 2021ல வழி திறந்துச்சு, அதுவும் விசாவா.