பழைய உழவியந்திரத்தின் சுக்கானுக்கு ஏற்ற எண்ணெய்

நெடுங்காலம் உழைத்த உழவியந்திரங்களில் சுக்கான் பெட்டி எண்ணெய் கசிவது வழக்கமான நோயாகும். இலங்கையின் வயல்வெளிகளில் நன்கறியப்பட்ட மாசி பெர்குசன் 35, 135 ஆகிய இயந்திரங்களும் இதற்கு விலக்கல்ல. பெட்டியிலிருந்து வெளிநீளும் தண்டுகளைச் சுற்றியுள்ள சீல் வளையங்கள் தேய்ந்தவுடன் எண்ணெய் சொட்டத் தொடங்கும். கிறீஸை அடைத்துவிடுவதே அதற்குப் பலர் செய்யும் பரிகாரம். செலவு குறைவு, கசிவும் நிற்கும். ஆயினும் சுக்கான் அதனாற் பிழைப்பதில்லை.

சுக்கான் பெட்டிக்குள் எண்ணெயை இறைத்துக்கொடுக்கும் பம்பி எதுவுமில்லை. உள்ளிருக்கும் திருகுதண்டும் அதன்மீது ஊரும் மரையும் எண்ணெயில் மூழ்கியிருப்பதாலேயே நனைகின்றன. எண்ணெய், விலக்கப்பட்ட இடத்துக்குத் தானே திரும்பி வரும். கட்டியான கிறீஸோ வராது. முதற் சில சுழற்சிகளில் மரை அதனை ஒதுக்கித் தனக்கொரு வாய்க்காலை வெட்டிக்கொள்ளும். அதன்பின் பெட்டி நிறையக் கிறீஸ் இருந்தும் உலோகம் உலோகத்தோடு உராயும்.

கிறீஸின் இறுக்கத்தை அளக்க ஒரு கூம்பை அதன்மேல் விடுவர். 25 பாகை சதம வெப்பத்தில், 5 விநாடிகளில், அது எவ்வளவு இறங்குகிறது என்பதே கணக்கு. சில்லுகளுக்கு இடும் 2ஆம் இலக்கக் கிறீஸில் 26.5 முதல் 29.5 மில்லிமீற்றர் வரை இறங்கும். 00 இலக்கத்தில் 40 முதல் 43 வரை இறங்கும். பின்னது கூழ்போல் மெல்ல வழிந்து பள்ளத்தை நிரப்பும். சீலை மாற்ற உடனடி வசதியில்லாதவர்க்கு இதுவே ஏற்றது. அதனை இடுமுன் பழைய கிறீஸை மண்ணெண்ணெயாற் கழுவி, நன்கு வடியவிடல் வேண்டும்.

சீல் நன்றாயின் கைந்நூலிற் குறித்த கியர் எண்ணெயே சிறந்தது. பல பழைய பெட்டிகளுக்கு அது 90 இலக்கமாகும். இவ்விலக்கத்தைக் கண்டு, 40 இலக்க எஞ்சின் எண்ணெயிலும் இது இருமடங்கு தடித்ததென்று கொள்வது தவறு. இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். 90 இலக்கக் கியர் எண்ணெயின் தடிப்பு, எஞ்சின் எண்ணெயின் 40, 50 இலக்கங்களை அண்டியதே. உட்புறத்தில் வெண்கலப் புதர்கள் இருப்பின் ஜீ.எல். 5 வகையினும் ஜீ.எல். 4 பாதுகாப்பானது. கடும் பாரத்தைத் தாங்குவதற்காக முன்னதில் மிகுதியாகச் சேர்க்கப்படும் கந்தகக் கூட்டுகள், சூடேறும்போது வெண்கலத்தை அரிக்கக்கூடும்.

நீரழுத்தத்தால் இயங்கும் சுக்கானின் கதை வேறு. அதற்குரிய தனி எண்ணெயின்றிக் கியர் எண்ணெயை அதில் ஊற்றலாகாது.

எண்ணெய் பால்நிறமாயிருந்தால் நீர் புகுந்துள்ளது, முற்றாக மாற்றுக. எண்ணெயை நிரப்பியபின் முன்சில்லுகளை நிலத்தினின்று உயர்த்தி, சுக்கானை இரு பக்கமும் எல்லைவரை பலமுறை திருப்பிவிட்டு, மட்டத்தை மீண்டும் பார்க்கவேண்டும். அவ்வேளையில் சுக்கான் வெறுமனே ஆடுமாயின், மூட்டுகளையும் பெட்டியின் சீராக்கும் திருகாணியையும் சோதிக்காமல், தடித்த எண்ணெயால் அதனை மறைத்துப் பாரம் ஏற்றிய பெட்டியோடு தெருவில் இறங்குதல் உயிருக்கு ஆபத்தாகும்.