உங்களுக்குத் தெரியுமா? ஆங் சுழல்வது குங்ஃபூவில்!

‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ கார்ட்டூன் தொடரில் (2005–2008, 61 எபிசோடுகள்) நீரையும் நெருப்பையும் ஏவும் அந்தக் கை வீச்சுகள் வெறும் கற்பனை அல்ல. எல்லாமே அசல் சீனத் தற்காப்புக் கலைகள். நீருக்குத் தாய்ச்சி, நிலத்துக்கு ஹுங் கா, நெருப்புக்கு வட ஷாவோலின், காற்றுக்கு பாகுவா. பாகுவாவில் நேருக்கு நேர் மோதுவதைவிட, எதிராளியைச் சுற்றி வட்டமடித்து நழுவுவதுதான் முக்கியம். காற்றை ஏவும், போரை வெறுக்கும் துறவிச் சிறுவன் ஆங்குக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன கிடைக்கும்? கிசு என்ற குங்ஃபூ ஆசான் அசைவுகளைச் செய்து காட்ட, அவற்றைப் பார்த்து ஓவியர்கள் வரைந்தார்கள்.

நிலத்தை ஏவும் பார்வையற்ற சிறுமி டாஃபுக்கு மட்டும் தனிப் பாணி: தென்சீனத்துக் கும்பிடுபூச்சி குங்ஃபூ. எதிரி எங்கே நிற்கிறான் என்பதை வெறுங்காலில் தரையின் அதிர்வை உணர்ந்தே சொல்லிவிடுவாள். இவளை முதலில் ஒரு முரட்டுப் பையனாகத்தான் யோசித்திருந்தார்களாம். நல்லவேளை, மாற்றினார்கள்!

இதே தொடரில் டீப்பிரியரான முதியவர் ஐரோவுக்குக் குரல் கொடுத்த நடிகர் மாகோ 2006-இல் காலமானார். ‘பா சிங் சே கதைகள்’ எபிசோடில், இறந்த மகனுக்காக ஐரோ பாடி அழும் பகுதி, மாகோவுக்கே சமர்ப்பணம்.