பினாங்கைப் பார்க்கக் கார் எதற்கு?

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் போதும், பினாங்குப் பாலத்தில் வாகனங்கள் ஊர்ந்துதான் செல்லும். தீவுக்குள் நுழைந்த பிறகோ, கார் நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும். மீதி நேரத்தில் ஒரு பேரங்காடி, ஒரு தட்டு நாசி கண்டார். அதோடு வீடு திரும்பிவிடுபவர்கள் பலர். 2008ஆம் ஆண்டில் மலாக்காவுடன் சேர்த்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற பழைய ஜோர்ஜ்டவுனை இவர்கள் பார்ப்பதே இல்லை.

கோலாலம்பூரிலிருந்து வருபவர்கள் காரை வீட்டிலேயே விட்டுவிடலாம். இ.டி.எஸ். ரயில் நான்கு மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொண்டு பட்டர்வொர்த் வந்து சேரும். நிலையத்திற்கு அருகிலேயே பெர்ரி முனையம். 2021 முதல் பெர்ரியில் கார்கள் ஏற்றப்படுவதில்லை. பழைய நினைவில் வருபவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். அக்கரையில் இறங்கியதும் பழைய நகருக்குள் செல்ல 'கேட்' என்ற இலவசப் பேருந்து இருக்கிறது. கொடிமலைக்குப் போக 204ஆம் எண் பேருந்து. விடுமுறை நாள்களில் அங்கு வரிசை நீளும் என்பதால் காலையிலேயே போய்விடுவது நல்லது.

நகரைச் சுற்றக் கால்களே போதும். 1818இல் கட்டப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் தொடங்கினால், குவான் யின் சீனக் கோயில், 1833இல் எழுந்த மகா மாரியம்மன் ஆலயம், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் என நான்கு சமய வழிபாட்டுத் தலங்களையும் கால் மணி நேர நடையில் கடந்துவிடலாம். மாரியம்மன் ஆலயத்தின் முகப்பு குயின் தெருவில் உள்ளது. பள்ளிவாசலுக்கு வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தைத் தவிர்த்துச் செல்ல வேண்டும். வெயில் ஏறும் முன்பும் மாலையிலும் நடப்பது உடம்புக்கு நல்லது. செப்டம்பர், அக்டோபரில் குடை அவசியம். தைப்பூசத்திற்கு வருபவர்கள் தங்கும் அறையை வெகு முன்னதாகவே பதிவு செய்துகொள்ள வேண்டும்.

இன்னொன்றும் முக்கியம். பழைய நகரில் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். கடலோரத்துச் சியூ ஜெட்டியின் மரவீடுகளில் குடும்பங்கள் வாழ்கின்றன. கேட்காமல் வாசலில் நின்று படம் எடுப்பது முறையல்ல. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் முடிவுக்கு வந்தபின் வாடகை ஏறி, தலைமுறைகளாக இங்கிருந்த பல குடும்பங்கள் வெளியேறிவிட்டன. எஞ்சியிருக்கும் பூக்கடையும் மளிகைக் கடையும் வாங்குபவர்களை நம்பித்தான் திறந்திருக்கின்றன.

ஆகவே, ஓர் இரவாவது தங்குங்கள். மாலையில் கடைத்தெருவில் பிள்ளைகளோடு நடந்துவிட்டு, ஒரு முழம் பூவாவது அங்கே வாங்குங்கள். அடுத்த முறை வரும்போதும் அந்தக் கடை அங்கே இருக்க வேண்டுமல்லவா?