கள் கெடும், அரிஷ்டம் நிற்கும்

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் கோயில் கொண்டிருப்பவர் வைத்தியநாதசுவாமி. திருமலை நாயக்கரின் தீராத வயிற்றுவலி இந்தச் சந்நிதியில்தான் தீர்ந்தது என்பது ஊர் வழக்கு. துணைக்கு ஆளில்லாமல் தவித்த பெண்ணுக்குத் தாயின் உருவில் வந்து இறைவனே பிரசவம் பார்த்தார் என்றும் சொல்வார்கள். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் தசமூலாரிஷ்டத்தைப் பற்றி எழுத இதைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தோன்றவில்லை.

அரிஷ்டத்தை நாம் மருந்தாக மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். அது ஒரு நொதித்த பானமும்கூட. அதில் இருக்கும் ஆல்கஹாலை யாரும் வெளியிலிருந்து ஊற்றுவதில்லை. வெல்லத்தின் சர்க்கரையைத் தின்று ஈஸ்ட் உண்டாக்குவது அது. பனங்கள்ளிலும் இதே வேலைதான் நடக்கிறது. ஆனால் கள் இரண்டு மூன்று நாளில் காடியாகிவிடும். அரிஷ்டமோ ஆண்டுக்கணக்கில் நிற்கும். இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் காரத்தன்மையில் ஈஸ்ட் முடங்கிப்போகும்; கிடைப்பது பதநீர். தடவாவிட்டால் பாளையிலிருந்து சொட்டச் சொட்டவே நுரை கட்டிக் கள்ளாகிவிடும். கள்ளில் ஆல்கஹால் சுமார் 5 சதவீதம்தான். கலயத்தின் வாயோ திறந்தே இருக்கிறது. அசிட்டிக் அமில பாக்டீரியாவுக்கு இவ்வளவு குறைந்த ஆல்கஹாலும் தாராளமான காற்றும் போதும், கள் காடியாகிவிடும். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை இருப்பதால் இந்த வேதியியலைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்று மூத்த தலைமுறையினர் மட்டுமே.

அரிஷ்டம் செய்பவர்கள் இந்த இரண்டு வாசலையும் அடைத்துவிடுகிறார்கள். வில்வம், பாதிரி, குமிழ், கண்டங்கத்தரி, நெருஞ்சி முதலான பத்து வேர்களோடு வேறு சரக்குகளையும் சேர்த்துக் கஷாயமாகக் காய்ச்சி, நன்றாக ஆறவிட்டு, வெல்லமும் தேனும் கலக்கிறார்கள். சூட்டோடு கலந்தால் ஈஸ்ட் செத்துவிடும். பிறகு தாதகிப் பூ. மேற்குத் தொடர்ச்சி மலையில் செக்கச்செவேலென்று பூக்கும் புதர்ச்செடி அது. நொதித்தலைத் தொடங்கிவைக்கும் ஈஸ்டைக் கொண்டுவருவதும், துவர்ப்புப் பொருளான டானினைத் தருவதும் இந்தப் பூதான். நெய் பூசிய மண்பானையில் ஊற்றி, வாயைத் துணியும் மண்ணும் வைத்து மூடி, நெற்குவியலிலோ நிலத்திலோ புதைத்து ஒரு மாதம் அளவுக்கு விட்டுவிடுவார்கள். நெல்லும் மண்ணும் பகலிரவு வெப்ப மாற்றத்தைத் தடுத்து ஒரே சீரான சூட்டில் பானையை வைத்திருக்கும்.

பக்குவம் பார்க்கும் முறைகளைக் கேட்டால் வியப்பாக இருக்கும். பானையில் காதை வைத்துக் கொதிப்புச் சத்தம் அடங்கிவிட்டதா என்று கேட்பார்கள். வாயருகே தீக்குச்சியைக் கொண்டுபோவார்கள். அணைந்தால் கரியமில வாயு இன்னும் வருகிறது என்று பொருள். மிதந்த தாதகிப் பூ அடியில் இறங்கியிருந்தால் வேலை முடிந்தது. கருவி எதுவும் கையில் இல்லாத காலத்தில் வகுத்த சோதனைகள் இவை.

இங்கிலாந்தின் பெரிய பண்ணை வீடுகளிலும் இதேபோல நீண்ட நாள் வைத்திருக்கும் பியர் காய்ச்சினார்கள். வாரிசு பிறந்ததும் கெட்டியான ஏல் என்ற பியர் வகையை வடித்துப் பீப்பாயில் அடைத்து, அவனுடைய 21ஆவது பிறந்தநாளில் திறப்பது அங்கே வழக்கம். பார்லி மாவுச் சர்க்கரையைத் தாராளமாகச் சேர்த்து ஆல்கஹாலை உயர்த்தினார்கள். ஹாப்ஸ் பூவின் கசப்பு பாக்டீரியாவை அடக்கியது. அங்கே ஹாப்ஸ், இங்கே தாதகி: இரண்டு நாட்டாரும் காவலுக்குப் பூவையே வைத்திருக்கிறார்கள்! அந்தப் பழைய ஏலின் தனி மணம் எப்படி வருகிறது என்பதை 1904இல் விளக்கியவர் கோபன்ஹேகன் கார்ல்ஸ்பெர்க் ஆலையின் நீல்ஸ் ஹெல்ட்டே கிளாசன். முதல் ஈஸ்ட் ஓய்ந்த பிறகு, பிரெட்டனோமைசிஸ் என்ற மற்றோர் ஈஸ்ட் மிச்சச் சர்க்கரையை மெல்ல மெல்லத் தின்றுகொண்டிருந்ததை அவர் கண்டறிந்தார்.

உயிரிகள் எல்லாம் அடங்கிய பிறகும் வேதியியல் நிற்பதில்லை. அமிலங்களும் ஆல்கஹாலும் மெதுவாகச் சேர்ந்து எஸ்டர் எனும் மணப்பொருள்கள் ஆகின்றன. டானின்கள் ஒன்றோடொன்று பிணைந்து கனத்து மண்டியாகப் படிய, துவர்ப்பு தணிகிறது. அரிஷ்டம் போன்ற நொதித்த மருந்துகளான ஆசவ வகைகள் பழகப் பழகக் குணம் கூடும் என்று சார்ங்கதர சம்ஹிதை சொல்வது இந்த மாற்றத்தைத்தான் என்று நினைக்கிறேன். மூங்கில் குழாயிலும் மண்ணுக்கடியிலும் தேறல் எனும் தெளிந்த கள்ளை முதிரவிட்டதைச் சங்கப் பாடல்களும் பேசுகின்றன.

அரிஷ்டத்தில் தானாக உண்டாகும் ஆல்கஹால் 12 சதவீதம் வரை போகலாம். திராட்சை ஒயினுக்குச் சமம். பாலூட்டும் தாய்மார்களும் கல்லீரல் நோயாளிகளும் வைத்தியரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. உரிமம் இல்லாமல் வீட்டில் செய்யவும் கூடாது. திறந்த புட்டியை இறுக மூடி வையுங்கள், சீக்கிரம் தீர்த்துவிடுங்கள். மூடி திறந்ததும் உள்ளே போவது கள்ளுக் கலயத்தைக் காடியாக்கும் அதே காற்றுதான்.