எழுத்துக்கு முன் ஓசையும் ஆட்டமும்: வீட்டுச் சூழலில் குழந்தைகளின் தமிழ் வாசிப்பும் கற்பனை விளையாட்டும்

ஆய்வுச் சுருக்கம்

மூன்று முதல் எட்டு வயது வரையிலான குழந்தைகள் தமிழ் வாசிக்கக் கற்பதில் வீடு ஆற்றக்கூடிய பங்கினை இக்கட்டுரை விளக்குகிறது. தமிழ் எழுத்துமுறையின் இயல்பு, பேச்சு வழக்குக்கும் நூல் வழக்குக்கும் உள்ள இடைவெளி ஆகிய இரண்டும் தொடக்கநிலை வாசிப்பில் ஏற்படுத்தும் இடர்ப்பாடுகள் முதலில் ஆராயப்படுகின்றன. ஓசை விளையாட்டும் கற்பனை விளையாட்டும் அவ்விடர்ப்பாடுகளைக் கடக்க எவ்வாறு துணைசெய்கின்றன என்பதும், எழுத்தறியாப் பெற்றோரின் இல்லங்களிலும் இவை இயலும் என்பதும் தொடர்ந்து எடுத்துரைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: தொடக்கநிலை வாசிப்பு, உயிர்மெய், இரட்டை வழக்கு, சொல்லந்தாதி, கற்பனை விளையாட்டு, முதல் தலைமுறைக் கற்போர்.

முன்னுரை

குழந்தைக்கு மூன்று வயது நிறைந்ததும் அரிச்சுவடி ஒன்றை வாங்கி, அகரம் முதல் ஆய்தம் வரை எழுதிப் பழக்குவதே வாசிப்பின் தொடக்கம் என்னும் எண்ணம் தமிழ்க் குடும்பங்களில் வேரூன்றியுள்ளது. அரிசியில் விரல் பிடித்து எழுதவைக்கும் சடங்கும், திண்ணைப் பள்ளியின் மணலெழுத்தும் இவ்வெண்ணத்திற்கு நெடிய பின்புலமாக அமைந்துள்ளன. எழுத்தறிவின் வேர் பள்ளி வயதுக்கு முன்பே குழந்தையின் அன்றாட வாழ்வில் ஊன்றப்படுகிறது என்னும் கருத்து, நியூசிலாந்து அறிஞர் மேரி கிளேயின் 1966ஆம் ஆண்டு ஆய்வுக்குப் பின்னர்க் கல்வியியலில் வலுப்பெற்றது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கப்பெற்ற 'இல்லம் தேடிக் கல்வி', 2022இல் தொடங்கப்பெற்ற 'எண்ணும் எழுத்தும்' ஆகிய திட்டங்கள் தொடக்கநிலை எழுத்தறிவைப் பொதுப் பேச்சுக்குக் கொண்டுவந்தன. ஆயினும், வீட்டில் பெற்றோர் செய்யத்தக்கது யாது என்னும் வினாவுக்கு, பள்ளி தந்த எழுத்து வேலையை முடிக்கவைத்தல் என்பதே பெரும்பாலும் விடையாக நின்றுவிடுகிறது.

எழுத்துமுறையும் குழந்தையின் சுமையும்

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 எனத் தமிழ் எழுத்துகள் 247 ஆகும். இவ்வெண்ணிக்கை அஞ்சத்தக்கதன்று, 12 உயிரும் 18 மெய்யும் இணையும் ஒழுங்கை உணர்ந்தால் போதும் என்று இலக்கணம் பயின்றோர் கருதுவர். குழந்தையின் கண்ணுக்கு அவ்வொழுங்கு எளிதில் புலப்படுவதில்லை. 'கெ' என்னும் எழுத்தில் பின்னர் ஒலிக்கும் எகரத்தின் குறி முன்னே நிற்கிறது. 'கொ' என்பதில் குறி இருபுறமும் அமைகிறது. கு, சு, து ஆகிய மூன்றிலும் உகரம் ஒன்றே, வடிவமோ மூன்று. 1978இல் தமிழ்நாடு அரசு மேற்கொண்ட எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, ணை, லை முதலியவற்றின் தனி வடிவங்களை நீக்கி ஒழுங்கு செய்தது. உகர, ஊகார வரிசைகளை அது தொடவில்லை.

இவ்வகை எழுத்துமுறையைக் கற்க நெடுங்காலம் ஆகும் என்பதற்குச் சான்று உண்டு. கன்னடம் கற்கும் குழந்தைகளிடையே சோனாலி நாக் நிகழ்த்தி 2007இல் வெளியிட்ட ஆய்வு, எழுத்தறிவு முதல் வகுப்பிலேயே நிறைவடைவதில்லை என்றும், அது பின்வரும் வகுப்புகளிலும் தொடர்கிறது என்றும் காட்டியது. அசை உணர்வு முந்தியும், தனியொலியைப் பிரித்துணரும் திறன் பிந்தியும் வளர்வதை அவ்வாய்வு சுட்டியது. தமிழும் அசையை அடிப்படை அலகாகக் கொண்ட எழுத்துமுறையே. ஆதலின் ஐந்து வயதுக்குள் உயிர்மெய் அட்டவணை முழுவதையும் ஒப்பிக்கவேண்டும் என்று வீட்டில் நெருக்குவது எழுத்துமுறையின் இயல்புக்கே மாறானதாகும். அட்டவணையை வரிசையாகப் பாடும் குழந்தை, அதே எழுத்தைச் சொல்லின் நடுவில் காணும்போது திகைப்பதைத் தொடக்கநிலை ஆசிரியர் அனைவரும் அறிவர்.

தனி எழுத்தின் ஒலி வேறு, சொல்லில் அதன் ஒலி வேறு என்பதும் இங்கு எண்ணத்தக்கது. கண், மகன், தங்கம் ஆகிய சொற்களில் ககரம் ஒரே வகையாக ஒலிப்பதில்லை. இடம் நோக்கி ஒலி மாறும் இவ்விதியைக் குழந்தை செவிவழி ஏற்கெனவே அறிந்திருக்கிறது. எனவே சொல்லிலிருந்து எழுத்துக்குச் செல்லும் வழி குழந்தையின் அறிவைப் பயன்படுத்திக்கொள்கிறது. எழுத்திலிருந்து தொடங்கும் வழி அதனை ஒதுக்கிவிடுகிறது. முதற்சொல்லாகக் குழந்தையின் பெயரையே கொள்ளலாம் என்பர். ஹரிணி, தர்ஷன் என்றாற்போல் இன்று வழங்கும் பெயர்கள் பலவும் 247 எழுத்துகளுக்குள் அடங்காமல் கிரந்த எழுத்தை வேண்டி நிற்பது வேறு செய்தி.

பேச்சு வழக்கும் நூல் வழக்கும்

தமிழ்க் குழந்தை கேட்டு வளர்வது ஒரு வழக்கு. நூலில் காண்பது மற்றொரு வழக்கு. சார்லசு பெர்குசன் 1959இல் விளக்கிய இவ்விரட்டை வழக்கினைத் தமிழுக்குப் பொருத்திப் பிரான்சிசு பிரிட்டோ 1986இல் விரிவாக ஆராய்ந்தார். 'பூனை மரத்துல ஏறிடுச்சு' என்று பேசும் குழந்தையின் கையில் 'பூனை மரத்தில் ஏறிவிட்டது' என்னும் தொடர் தரப்படுகிறது. வேர்ச்சொல் ஒன்றே; வேற்றுமை உருபும் வினைமுற்றும் அயலாக உள்ளன. ஆகவே எழுத்துக் கூட்டிப் படித்து முடித்த பின்னரும், தான் படித்தது தனக்குத் தெரிந்த சொல்லே என்பதைக் குழந்தை உணராமல் போகலாம்.

இங்குப் பெற்றோர் செய்யும் பிழை ஒன்று உண்டு. 'மரத்தில்' என்று எழுதியிருப்பதைக் குழந்தை 'மரத்துல' என்று படித்தால் உடனே தடுத்துத் திருத்துகின்றனர். அப்படிப் படித்த குழந்தை எழுத்தைப் பார்த்துப் பொருளை உணர்ந்து தன் மொழியில் வெளியிட்டுள்ளது. பொருள் விளங்காமல் 'ம-ர-த்-தி-ல்' என்று பிசகின்றிக் கூட்டும் குழந்தையைவிட அது வாசிப்பில் முன்னேறியுள்ளது எனலாம். முதலில் அப்பொருளை ஏற்று, பின்னர் 'புத்தகத்தில் எப்படிப் போட்டிருக்கிறது?' என்று விரல் வைத்துக் காட்டுவதே தகும்.

நூல் வழக்கு செவிக்குப் பழகுவதற்குப் பெரியோர் வாசித்துக்காட்டுதலே சிறந்த வழி. எழுதியுள்ளவாறே ஒரு பக்கத்தை வாசித்து, அதனையே பேச்சு வழக்கில் மீளச் சொல்லி, அடுத்து நிகழ்வது யாதாக இருக்கும் என்று வினவுதல் வேண்டும். இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகளின் பெற்றோரிடையே ஒயிட்கர்ஸ்ட் முதலியோர் நிகழ்த்தி 1988இல் வெளியிட்ட ஆய்வு இங்குக் கருதத்தக்கது. குழந்தை விரிவாக மறுமொழி கூறத்தக்க வினாக்களை எழுப்பி, அது கூறியதைச் சற்று நீட்டித்துச் சொல்லும் முறையில் அப்பெற்றோர் பயிற்சி பெற்றனர். ஒரு மாதக் காலத்திலேயே அவர்தம் குழந்தைகளின் பேச்சுத்திறன், வழக்கம்போல் வாசித்துக்காட்டப்பெற்ற பிற குழந்தைகளின் திறனைவிட உயர்ந்தது. ஆம், இல்லை என்னும் விடையோடு முடியும் வினாக்களால் இப்பயன் விளைவதில்லை.

ஓசை விளையாட்டு

எழுத்தைக் கையாளுமுன் ஒலியைக் கையாளக் குழந்தை பழகவேண்டும். விடுகதை, நாப்பிறழ்ச் சொற்றொடர், கைவிரல் மடக்கும் பாட்டு ஆகியன இப்பயிற்சியைத் தமிழ் வீடுகளில் நெடுங்காலமாக அளித்து வந்துள்ளன. லகர, ளகர, ழகர வேறுபாட்டை நாப்பிறழ்ச் சொற்றொடரைப்போல் எந்தப் பயிற்சி ஏடும் மகிழ்ச்சியோடு கற்பித்துவிடாது.

இவற்றுள் சொல்லந்தாதி தனியே நோக்கத்தக்கது. ஒருவர் கூறிய சொல்லின் இறுதி எழுத்தில் மற்றவர் சொல் தொடங்கவேண்டும் என்பது ஆட்ட விதி. 'பூனை' என்றதும் குழந்தை இடர்ப்படுகிறது. 'னை' என்னும் எழுத்தில் தொடங்கும் தமிழ்ச்சொல் இல்லை. 'மரம்' என்றாலோ மெய்யில் எச்சொல்லும் தொடங்காது. ஆதலின் 'ம்' என்பதற்கு மகர வரிசையில் எதுவும் வரலாம் என்று குழந்தைகள் தமக்குள் விதி வகுத்துக்கொள்கின்றனர். 'பால்' என்றதும் 'லட்டு' வருகிறது. 'வீடு' என்றதும் 'டவுசர்' வருகிறது. மொழிக்கு முதலில் நிற்கும் உயிர்மெய் வரிசைகள் பத்து என்றும், இறுதியில் நிற்கும் மெய்கள் பதினொன்று என்றும் நன்னூல் கூறும் வரம்பினை, அப்பெயரே அறியாத ஆறு வயதுக் குழந்தை ஆட்டத்தின் தோல்வியில் கண்டுகொள்கிறது. 'லட்டு', 'டவுசர்' ஆகியவை வந்த சொற்கள் என்பதை அவ்விடத்திலேயே பேசலாம். பேசாமல் ஆட்டத்தைத் தொடரினும் இழப்பில்லை. இறுதி எழுத்தைப் பிரித்துணர்தலும், அதனை முதலாகக் கொண்ட சொல்லை நினைவிலிருந்து தேர்தலும் வாசிப்புக்கு நேரடியாகத் துணைசெய்யும் திறன்களாகும்.

சிற்றில் முதல் பேருந்து ஆட்டம் வரை

சங்கப் பாடல்களில் மகளிர் மணலில் சிற்றில் இழைத்து, சிறுசோறு சமைத்து விளையாடுவது பலவிடங்களில் பேசப்படுகிறது. தச்சர் செய்த சிறுதேரைச் சிறுவர் உருட்டி விளையாடுவதைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. பிள்ளைத்தமிழ் இலக்கணம் சிற்றில், சிறுபறை, சிறுதேர், அம்மானை, ஊசல் ஆகியவற்றைப் பருவங்களாகவே வகுத்துக்கொண்டது. அம்பாசமுத்திரத்தில் கடைந்து வண்ணம் பூசப்பெறும் மரச்செப்புகள் சிறுசோற்றின் தொடர்ச்சியாகும்.

மணல் சோறாவதும் குச்சி குதிரையாவதும் வெறும் பொழுதுபோக்கல்ல. குச்சியைக் குதிரையாகக் கொள்ளும் குழந்தை, பொருளிலிருந்து அதன் கருத்தைப் பிரித்தெடுக்கக் கற்கிறது என்று வைகாட்ஸ்கி தம் 1933ஆம் ஆண்டு உரையில் விளக்கினார். பாவனைச் செயல், ஓவியம், எழுத்து ஆகிய மூன்றையும் ஒரே வளர்ச்சிப் பாதையின் படிகளாக அவர் கண்டார். ஒன்று மற்றொன்றைக் குறித்து நிற்கலாம் என்னும் அறிவே எழுத்தின் அடிப்படை.

எனவே கற்பனை விளையாட்டினுள் எழுத்து இயல்பாக நுழைய இடமளிக்கலாம். கடை விளையாட்டில் விலைச்சீட்டும் சாமான் பட்டியலும் தேவைப்படுகின்றன. நாற்காலிகளை வரிசையாக இட்டுப் பேருந்து ஓட்டும் குழந்தைகளுக்கு ஊர்ப்பலகையும் பயணச்சீட்டும் வேண்டும். பழைய அட்டையில் ஒரு குழந்தை 'மதுரை' என எண்ணிக் கிறுக்குகிறது. 'ம' மட்டும் அடையாளம் தெரிகிறது. அவ்வேளையில் பெரியோர் எழுதுகோலை வாங்கித் திருத்தி எழுதினால் பேருந்து நின்றுவிடும். பயணியாக ஏறி, 'இது மதுரை போகுமா, கம்பம் போகுமா? பலகையைப் பார்த்தால் தெரியவில்லையே' என்று கேட்டால், குழந்தை தானே பலகையைத் திருத்த முற்படும். விளையாட்டைப் பாடமாக மாற்றிவிடும் விலையுயர்ந்த 'கல்வி பொம்மைகள்' பலவற்றில் இவ்வாய்ப்பு இல்லை. ஒரே விடைக்கென அமைந்த பொருள் ஓரிரு நாளில் சலித்துவிடுகிறது.

எழுத்தறியாப் பெற்றோரின் இல்லம்

'நாள்தோறும் குழந்தைக்கு வாசித்துக்காட்டுங்கள்' என்னும் அறிவுரை வாசிக்கத் தெரிந்த பெற்றோரையும் நூல்கள் உள்ள வீட்டையும் முன்கொண்டது. முதல் தலைமுறைக் கற்போரின் தாய் அதனைக் கேட்டுத் தன்னால் ஆவதொன்றில்லை என்று விலகிக்கொள்ள நேர்கிறது. இது அறிவுரையின் குறையேயன்றித் தாயின் குறையன்று. மேற்கூறிய விடுகதையும் சொல்லந்தாதியும் எழுத்தறிவை வேண்டுவன அல்ல. உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரலுக்கொரு பங்கு ஊட்டி, கைவழியே நண்டு ஊரவிடும் ஆட்டத்தைப் பாட்டியரிடமே குழந்தைகள் கற்கின்றனர். இரவில் சொல்லும் கதை, முன்பின் நிகழ்ச்சித் தொடர்பையும் பேச்சின் ஏற்ற இறக்கத்தையும் அளிக்கிறது. எழுத்தில்லாப் படக்கதை நூலை இத்தாய் தன் போக்கில் விரித்துரைக்கலாம்.

பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கம் 'நுழை, நட, ஓடு, பற' எனப் படிநிலைப்படுத்தி உருவாக்கிய சிறு நூல்கள் இவ்வீடுகளுக்குச் செல்லும்போது வாசிப்பவர், கேட்பவர் என்னும் நிலை இடம் மாறுகிறது. குழந்தை வாசிக்கிறது, தாய் கேட்கிறாள். 'அந்த நரி ஏன் திரும்பி வந்துச்சு?' என்று அவள் கேட்பதற்கு எழுத்து தெரிந்திருக்க வேண்டியதில்லை. பள்ளியின் பெற்றோர் கூட்டங்களில், குழந்தை எத்தனை பக்கம் எழுதியது என்று வினவுவதற்கு மாறாக, நேற்றிரவு எந்தக் கதையைச் சொல்லிற்று என்று ஆசிரியர் வினவலாம். அவ்வினாவுக்கு விடை கூற அத்தாயால் இயலும்.