வாசலில் நிற்பவருக்கும் சட்டம் உண்டு

துருக்கி ஐரோப்பிய ஒன்றியத்தில் சேருமா, சேராதா? இந்தக் கேள்வி கேட்டுக் கேட்டுப் பழசாகிவிட்டது. சேராமலே அந்த ஒன்றியம் துருக்கியை எவ்வளவு கட்டிப்போட்டிருக்கிறது என்பதை நாம் பேசுவது குறைவு.

1963இல் அங்காரா உடன்படிக்கை கைச்சாத்தானது. 1987இல் முழு அங்கத்துவத்துக்கு விண்ணப்பித்தார்கள். 1999இல் வேட்பாளர் தகுதி கிடைத்தது. 2005 ஒக்டோபரில் பேச்சுவார்த்தை தொடங்கியது. 35 அத்தியாயங்களில் திறக்கப்பட்டவை 16. பேசி முடித்ததோ ஒன்றே ஒன்று.

இதற்கிடையில், 1995ஆம் ஆண்டின் கடைசி நாளில் சுங்க ஒன்றியம் நடைமுறைக்கு வந்தது. விசயமே இங்கேதான் இருக்கிறது. கைத்தொழிற் பொருட்கள் இரு தரப்புக்கும் இடையே தீர்வையின்றிப் போய்வரும். வெளிநாட்டுப் பொருளுக்கு ஒன்றியம் விதிக்கும் தீர்வையையே துருக்கியும் விதிக்க வேண்டும். இதனால் நன்மையில்லை என்று சொல்லேலாது. புர்சா நகரத்தின் கார்த் தொழிற்சாலைகள் ஐரோப்பியச் சந்தைக்கும் சேர்த்துத்தான் உற்பத்தி செய்கின்றன.

சிக்கல் எங்கே? மெக்சிகோவை எடுத்துக்கொள்வோம். 2000ஆம் ஆண்டு முதல் அந்நாட்டுக்கும் ஒன்றியத்துக்கும் இடையே தடையற்ற வர்த்தகம் உண்டு. மெக்சிகோப் பொருள் ஐரோப்பியத் துறைமுகமொன்றில் இறங்கி, அங்கிருந்து தீர்வையில்லாமல் துருக்கிக்குள் வந்துவிடலாம். துருக்கிப் பொருள் மெக்சிகோவுக்குப் போனால் தீர்வை கட்ட வேண்டும். அந்த உடன்படிக்கையில் துருக்கி பங்காளி இல்லையே! தனியாகப் பேசிப் பார்க்கலாம். ஆனால் மெக்சிகோவுக்கு என்ன அவசரம்? கதவுதான் ஏற்கனவே திறந்து கிடக்கிறதே.

அங்கத்துவ நம்பிக்கை பலமாக இருந்தபோது துருக்கியின் உள்நாட்டுச் சட்டங்களும் மாறின. 2002இல் சமாதான காலத்துக்கும், 2004இல் முழுமையாகவும் மரண தண்டனை நீக்கப்பட்டது. குர்து மொழி ஒலிபரப்புக்கு வழி பிறந்தது. பிறகு சைப்ரஸ் பிரச்சினையால் 2006இல் எட்டு அத்தியாயங்கள் முடக்கப்பட்டன. நம்பிக்கை தேயத் தேய, சீர்திருத்த வேகமும் தேய்ந்தது. 2016 இராணுவப் புரட்சி முயற்சிக்குப் பின் நடந்த பெருந்தொகைக் கைதுகள் தூரத்தை இன்னும் கூட்டின.

பழி ஒரு பக்கத்தில் மட்டுமில்லை. ஆனாலும் கணக்கைப் பாருங்கள்: 2016 மார்ச்சில் அகதிகளைத் தடுத்து வைக்க ஒன்றியம் 600 கோடி யூரோ வரை தர இணங்கியது, விசா விலக்கும் தருவதாகச் சொன்னது. பணம் வந்தது, விசா விலக்கு வரவில்லை. சுங்க ஒன்றியத்தைத் திருத்தும் யோசனையும் அதே ஆண்டில் முன்வைக்கப்பட்டது. 2018இல் அதையும் நிறுத்தி வைத்தார்கள். பழைய விதி மட்டும் இன்றும் ஓடுகிறது. அதை எழுதும் மேசையில் துருக்கிக்குக் கதிரை இல்லை.